என் சட்டையைப் போட்டிருந்த நாய்

என் பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் பட்டுவேட்டிக்கும் கீழே, ஒரு நீலத் துணிப் பட்டை கிடக்கிறது. ஒன்றரைச் சாண் நீளம், இரண்டு விரல் அகலம். கம்பெனி யூனிஃபார்ம் சட்டையைக் கிழித்து, மடித்து, நீல நூலால் ஓரம் அடித்தது. ஒரு முனையருகே மஞ்சள் பெயிண்ட் சொட்டு ஒன்று காய்ந்திருக்கும். அது பெயிண்ட் ஷாப்பில் நான் சிந்தியது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளை நூலால் கோணல்மாணலாக ஒரு ஒட்டுத்தையல். என் மனைவி இதைப் பலமுறை குப்பையில் போடப் பார்த்திருக்கிறாள், நான் விடவில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு காலத்தில் எனக்கும் ஒரு தெருநாய்க்கும் சேர்த்து ஒரே உயிர்தான் என்று நான் நம்பினேன். அது இருந்தால் நான் இருப்பேன், அது போனால் நானும் போய்விடுவேன். டிப்ளமா படித்தவன், மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்தவன், யூனியன் கூட்டத்தில் மூடநம்பிக்கையைக் கிண்டலடித்துக் கைதட்டு வாங்கியவன், இதை முழுசாக நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அந்த நாய்க்குச் சளி பிடித்துவிடக் கூடாதே என்று என் ஸ்வெட்டரைக் கொண்டுபோய்ப் போர்த்தினேன்.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் தொழிற்சாலைகள் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தேன். மத்திகிரியில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில், பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரன் ஒருவனோடு தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், எங்கள் வீட்டில் தெற்கத்தித் தமிழ். மூன்று மொழியிலும் திட்டு வாங்கிப் பழகியவை அந்தத் தெருவின் நாய்கள்தான். வந்த புதிதில் ஊரெல்லாம் சானமாவுக் காட்டு யானையைப் பற்றியே பேசும். யானைக்குப் பயப்படுகிறவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. நான் நாய்க்குப் பயப்படுகிறவன். அதை மறைக்கத்தான் நாய்களைப் பற்றி அத்தனை ஜோக் அடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் லைனுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. அதை நடத்தியவரை ஊரே இன்ஸ்டிட்யூட் அம்மா என்றுதான் சொல்லும். நாற்பது வயதிருக்கும். வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, மாணவர்களிடம் தமிழ், முனிசிபாலிட்டிக்கு அடிக்கும் மனுக்களில் இங்கிலீஷ். உள்ளே மிஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, மேசைக்கு ஒரு நாய் கீழே தூங்கும். மிருகங்களுக்கு எங்கே கொடுமை நடந்தாலும் அம்மா அங்கே போய் நின்றுவிடுவார். மத்தூர் சந்தையில், லாரிக்குள் கால் மடங்கி விழுந்த மாட்டை எழுப்புவதற்காக அதன் கண்ணில் மிளகாயைத் தேய்க்கப் போனவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல உன் கண்ணுல தேய்ச்சுக் காட்டுப்பா, அப்புறம் அதுக்குத் தேய்" என்று கேட்டவர். கழுத்துப் புண்ணோடு கருங்கல் வண்டி இழுக்கும் மாட்டைக் கண்டால், அதை அவிழ்க்கிற வரைக்கும் சக்கரத்துக்கு முன்னால் குடையை விரித்து உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை யானை இறங்கியிருக்கிறது என்று வேடிக்கை பார்க்கப் போன கூட்டம் கல்லெறிய, யானை திரும்ப, எல்லாரும் யானைக்கு முதுகைக் காட்டி ஓடினார்களாம். அம்மாவும் யானைக்கு முதுகைத்தான் காட்டினாராம். ஆனால் ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்தே கூட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தாராம். பயந்த மிருகத்திடம் போவதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. நேராகப் பார்க்க மாட்டார். பக்கவாட்டில், தரையோடு தரையாக உட்கார்ந்து, தின்பதற்கு ஏதாவது கீழே வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தபடி, "ஹெதர்பேடா மகா, ஹெதர்பேடா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். பயப்படாதே மகனே, பயப்படாதே என்று அர்த்தம். அரைமணி ஆனாலும் அப்படியேதான் இருப்பார். மிருகம்தான் வர வேண்டும்.

அந்த நாட்களில் தெருநாய்களைப் பிடிக்க முனிசிபாலிட்டி டிராக்டர் வரும். கம்பிச் சுருக்கில் மாட்டி ஏற்றிக்கொண்டு போன நாய் திரும்பாது. கழுத்தில் பட்டை இருந்தால் மட்டும் யாரோ வளர்ப்பது என்று விட்டுவிடுவார்கள். தோல் பட்டை வாங்கிப் போட்டால் எவனாவது கழற்றிக்கொண்டு போய்விடுகிறான் என்பதால், அம்மா தொழிலாளிகளிடம் பழைய யூனிஃபார்ம் கேட்டு வாங்கி, பட்டையாகக் கிழித்துத் தைத்து, நாயின் கழுத்திலேயே வைத்து முனைகளைச் சேர்த்துத் தைத்துவிடுவார். கத்தரிக்கோல் இல்லாமல் கழற்ற முடியாது. ஆகவே மத்திகிரி நாய்கள் எல்லாம் ஏதாவது ஒரு கம்பெனியில் இருந்தன. சில நீலம், சில காக்கி, சில சாம்பல். நாங்கள் டிரெயினி என்று இழுத்தடிக்கப்பட்டுக்கொண்டிருக்க, நாய்கள் பர்மனென்ட் ஆகிவிட்டன என்று நான்தான் முதலில் சொன்னேன். அந்த ஜோக் கேன்டீனில் நன்றாக ஓடியது. அது ஓடிய உற்சாகத்தில், மஞ்சள் பெயிண்ட் சொட்டிய என் பழைய சட்டை ஒன்றையும் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என் சிபாரிசுல ஒருத்தருக்கு வேலை போட்டுக் குடுங்கம்மா" என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார்.

ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து டவுன் பஸ்ஸில் இறங்கி, கால்நடைப் பண்ணைச் சுவரை ஒட்டி வந்துகொண்டிருந்தேன். சுவரோரம் செம்பட்டை நிற நாய் ஒன்று ஒடுங்கி நின்றது. கழுத்தில் நீலப் பட்டை, அதில் மஞ்சள் சொட்டு. என் சட்டை! நாய் பிடிக்க வந்தவர்கள் அன்று காலை பட்டையைக் கவனிக்காமல் அதை மூலையில் நெருக்கிக் கல்லால் அடித்திருந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கூட வந்தவர்களைச் சிரிக்கவைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்பதுதான். குனிந்து சல்யூட் அடித்தேன். "என்ன சார், டூட்டி நேரத்துல இங்க என்ன பண்றீங்க? கேட் பாஸ் எங்க?" என்று பட்டையை நோக்கிக் கையை நீட்டினேன். அது பல்லைக் காட்டியதும் திரும்பி ஓடினேன். இரண்டாவது எட்டிலேயே என் கெண்டைக்காலில் கேட் பாஸைக் குத்திவிட்டது. கூட வந்தவர்கள் அதையும் நான் நடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். ரத்தம் செருப்பில் இறங்கிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. நாய் கடித்தால் புண்ணைக் கழுவுவதற்கு முன்பே ஆளுக்கொரு கட்டையோடு அந்த நாயைத் தேடிப் போய்விடுவார்கள். என் அறைத்தோழன், "ஏல, நீ படு. நாங்க போயி அத என்னன்னு பாத்துட்டு வாரோம்" என்று இரும்புக் குழாயோடு கிளம்பினான். இன்னும் இரண்டு பேர் கூடப் போனார்கள். திரும்பி வந்தபோது, "அம்மா வந்துட்டாக" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயடிக்குக் கை கழுவப் போனான். அம்மா வந்து தடுத்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு கிடந்தேன். நாய் கடித்தவன் நாயாகவே குரைத்துச் சாவான் என்று சின்ன வயதில் கேட்டது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எச்சில் விழுங்கும்போது வலிப்பதுபோல இருந்தது.

அம்மா வந்தபோது அவருடைய புடவையின் கொசுவத்தில் ஈரமண் ஒட்டியிருந்தது. என் கட்டிலுக்குப் பக்கத்தில், என்னைப் பார்க்காமல், பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தார். சோப்பும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லி, என் காலைத் தன் மடிமேல் இழுத்து வைத்து, நுரை நுரையாகக் கழுவிக்கொண்டே இருந்தார். "ஹெதர்பேடா மகா" என்றார். நான் அழுதுவிட்டேன். "நாய் எங்கம்மா?" என்று கேட்டேன். அவர் கை ஒரு கணம் நின்றது. "எங்கிட்டதான் இருக்குது. இன்னிக்கு வாணாம். நாளைக்கு ஊசி போட்டுக்கினு வந்து பாரு."

மறுநாள் காலை என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். அன்றைக்கெல்லாம் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி, தினம் ஒன்றாகப் பதினான்கு. டாக்டர் சொன்னார்: "கடிச்ச நாயைப் பத்து நாள் பாருங்க. நல்லா இருந்தா உங்களுக்கும் பயமில்லை. செத்துப்போச்சுன்னா கஷ்டம்." நோய் உள்ள நாய் பத்து நாளைக்குள் செத்துவிடும், அதைத் தெரிந்துகொள்ளத்தான் பார்ப்பது என்று அவர் விளக்கியிருக்கக்கூடும். என் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. நாய் செத்தால் நானும் சாவேன். எப்படிச் செத்தாலும்! லாரி ஏறினாலும், பிரியாணி எலும்பு தொண்டையில் சிக்கினாலும், காதல் தோல்வியில் கிணற்றில் விழுந்தாலும்.

இதையெல்லாம் அங்கேயே ஜோக்காக ஆக்கியிருப்பேன். ஆனால் வெளியே வரும்போது வராண்டாவின் கடைசி அறையைப் பார்த்துவிட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒருவரைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். வெக்கையிலும் மின்விசிறி ஓடவில்லை. காற்று பட்டாலே உடம்பு தூக்கிப்போடுகிறதாம். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து, தண்ணீர்ச் செம்பு அவர் கண்ணில் பட்டுவிடாமல் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். யாரோ நடந்து போன காற்றில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அது குரைப்பு இல்லை. மூச்சுக்குத் தவிக்கும் மனுஷனின் சத்தம். அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பி வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்று முதல் ஒவ்வொரு காலையும் எழுந்ததும் ஒரு மக்குத் தண்ணீரை எதிரே வைத்து, பரீட்சை எழுதுகிறவனைப் போல அதன் முன்னால் உட்காருவேன். பயம் வருகிறதா? வந்தது. தண்ணீரைப் பார்த்து வந்த பயமா, பயம் வந்துவிடுமோ என்கிற பயமா என்று தெரியவில்லை. தும்மினால் அதில் ஒரு 'வள்' இருப்பதுபோலக் கேட்டது. கேன்டீனில் என் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். எங்கள் ஃபோர்மேன் ரொம்பப் பணிவாக வந்து, "தம்பி, கோவம் வர்ற மாதிரி இருந்தா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிடுப்பா" என்றார். சாதாரணமாக இப்படியொரு பேச்சுக்கு நான் பதிலுக்கு ஒரு வாரம் குரைத்துக் காட்டியிருப்பேன். அப்போது வாயைத் திறக்கவே பயம். குரைப்பு நிஜமாகவே வந்துவிட்டால்?

ஒரே மருந்து நாயைப் பார்ப்பதுதான். இன்ஸ்டிட்யூட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அதைக் கட்டியிருந்தார் அம்மா. செம்பட்டை நிறம், நீலப் பட்டை, மஞ்சள் சொட்டு. அம்மா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஊசி போட்டுக்கொண்டு வந்தால்தான் கொட்டகைக் கதவைத் திறப்பார். "வயித்தைக் காட்டு" என்பார், ஊசித் தடத்தைப் பார்த்த பிறகுதான் சாவியை எடுப்பார். நாய் என்னைப் பார்த்ததும் மூலைக்குப் போய் ஒண்டிக்கொள்ளும். என்னைக் கடித்ததற்காக வெட்கப்படுகிறது என்று நினைத்தேன். முதல் நாள் அது பதினைந்தடி தள்ளி, நான் பதினைந்தடி தள்ளி. இரண்டு பேரும் நடுங்கினோம். நடுவில் அம்மா உட்கார்ந்து எங்கேயோ பார்த்தபடி "ஹெதர்பேடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது யாருக்கு என்று சொல்லவில்லை. என் அறைத்தோழன் தினமும் பன்னும் பாலும் வாங்கிவந்து என் கையில் திணிப்பான். தான் மட்டும் கொட்டகைக்குள் வர மாட்டான். "நீ குடுல" என்று வெளியிலேயே நிற்பான். எனக்காக எவ்வளவு உருகுகிறான் என்று நெகிழ்ந்துபோனேன்.

ஒரு நாள் காலை நான் போயிருந்தபோது டிராக்டர் இன்ஸ்டிட்யூட் வாசலுக்கே வந்துவிட்டது. கடித்த நாயை உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்று தெருக்காரர்கள் மனு கொடுத்திருந்தார்களாம். மேஸ்திரி கம்பிச் சுருக்கோடு உள்ளே வந்தார். மிஷின் சத்தமெல்லாம் நின்றது. அம்மா எழுந்து வருவதற்குள் நான் கொட்டகைக் கதவில் முதுகைச் சாய்த்து இரண்டு கையையும் விரித்துவிட்டேன். "இது மேல கைய வச்சா கொலைக் கேஸு! ஆமா!" என்று கத்தினேன்.

"நாயைப் புடிச்சா இன்னாய்யா கொலைக் கேஸு?"

"செத்தா சாகிறது நான்!"

மேஸ்திரி சுருக்கைக் கீழே ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "யோவ், நீ நாயா மனுஷனா? முடிவு பண்ணிக்கினு சொல்லு. அதுக்கு ஏத்த மாதிரி புடிக்கிறோம்."

டைப் அடிக்க வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் பண்ணாமலே விழுந்த பெரிய சிரிப்பு அதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையைத் தூக்கி, ஊசி குத்தி வீங்கிய வயிற்றைக் காட்டினேன். கதவுக்குப் பின்னால் நாயும் நடுங்குவது தகரத்தின் வழியாக முதுகில் தெரிந்தது. அம்மா மேஸ்திரியிடம் கன்னடத்தில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். டாக்டர் பார்க்கச் சொன்ன கெடு முடிகிற வரைக்கும் தொடக்கூடாது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அவர்கள் போன பிறகு நான் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். கொஞ்சநேரம் கழித்து நாய் வந்து, என்னைப் பார்க்காமல், பக்கத்தில் படுத்துக்கொண்டது.

பத்து நாள் முடிந்தது. நாய் வாலாட்டிக்கொண்டு நின்றது. நாய் நன்றாக இருந்தால் மிச்ச ஊசி தேவைப்படாது என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டதைக் கேட்டு வந்து, அம்மாவிடம் குதித்தேன். "போதும்மா, நிறுத்திடலாம்." அம்மா கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "ஒண்ணு விடாம போட்டாகணும். விட்டே, என் மூஞ்சியில முழிக்காதே." மாட்டு லாரிக்காரனிடம்கூட அப்படிப் பேசாதவர். பயந்துபோய் எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டேன். கடைசி ஊசி அன்று, பட்டையைக் கத்தரித்து, "உன் சட்டைதானே, வச்சுக்கோ" என்று என் கையில் கொடுத்துவிட்டு, நாய்க்கு வேறொரு கம்பெனியின் காக்கிப் பட்டையைத் தைத்தார். அது அதற்குப் பிறகு பல வருஷம் இன்ஸ்டிட்யூட் வாசலில் இருந்தது.

நான் அதை வைத்து ஒரு கதை செய்துகொண்டேன். கல்யாண வீடு, யூனியன் கூட்டம், ஆயுத பூஜை விழா, எங்கே போனாலும் அந்த நாய்க்கதையைச் சொல்லச் சொல்வார்கள். என்னைக் கடித்த நாயையே நான் காப்பாற்ற, அது என்னைக் காப்பாற்றிய கதை. பட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டும்போது கைதட்டுவார்கள். என் அறைத்தோழன் மட்டும் அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விடுவான். அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவிடம் போய் நாய் குளிப்பாட்டினான், சந்தை மாடுகளுக்குத் தண்ணீர்க் கேன் தூக்கினான். ஷார்ட்ஹேண்ட் படித்த பெண்ணொருத்தியைக் குறிவைத்துத்தான் போகிறான் என்று அதற்கும் நான் ஒரு ஜோக் வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் பாதியில், நாய்களைக் கொல்வதை நிறுத்தி, கருத்தடை ஆபரேஷன் செய்து தெருவிலேயே விட்டுவிடலாம் என்று ஒருவழியாக ஏற்பாடாயிற்று. அத்தனை வருஷ மனுக்களுக்குப் பிறகு அம்மாவுக்குக் கிடைத்த பதில். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சின்னக் கூட்டம். நான் வழக்கம்போல என் கதையைச் சொன்னேன். கூட்டம் கலைந்த பிறகு அம்மா நாற்காலிகளை மடக்கிக்கொண்டே சொன்னார்.

"நல்லா சொன்னேப்பா. எல்லாம் சிரிச்சாங்க. ஆனா அது அந்த நாய் இல்ல."

நான் சிரித்தேன். அம்மாவும் ஜோக் அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"நான் போறதுக்குள்ள அடிச்சுட்டாங்க. உன் ரூம்காரன்தான், இன்னும் ரெண்டு பேரும். சுவருக்கு அந்தாண்ட நானே குழி தோண்டி மூடுனேன். பட்டையை அறுத்து இடுப்புல சொருவிக்கினு உன்னைப் பார்க்க வந்தேன். நாய் எங்கன்னு கேட்டே. நீ கெடந்த கெடப்புல, செத்துப்போச்சுன்னா அந்த பயத்துலயே நீ ஊரை விட்டு ஓடிருப்பே, இல்லன்னா மந்திரிக்கப் போயிருப்பே. ஊசிக்கு வந்திருக்க மாட்டே. மறுநாள் டிராக்டர்ல அதே கலர்ல ஒண்ணு இருந்துச்சு. இதான் கடிச்ச நாய், டாக்டர் பார்க்கச் சொன்னாருன்னு சொல்லி எறக்கிக்கினு வந்தேன். அவசரத்துக்கு வெள்ளை நூல்தான் கெடச்சுது."

"அந்த நாய்க்கு நோய் இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"யாருக்குப்பா தெரியும்? கல்லடி பட்டு பயந்து கடிச்சிருக்கும். நோயும் இருந்திருக்கலாம். அதான் ஊசியை நிறுத்த விடல." ஒரு நாற்காலியை மடக்கிவிட்டு, "நான் கொஞ்சம் முன்னாடி போயிருக்கணும்" என்றார். அது எனக்குச் சொன்னது இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எத்தனை மேடையில் தூக்கிக் காட்டியிருக்கிறேன்! வெள்ளைத் தையல் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிதான் இருந்தது. பயப்பட வேண்டிய அந்தப் பத்து நாளும் நான் யாரோ ஒரு நாயோடு பன் தின்றுகொண்டிருந்திருக்கிறேன். பயம் பத்து வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. அன்று என் மனைவி கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கி, குடிக்காமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் சில காலைகளில் மக்கைத் தூக்கும்போது கை நின்றுவிடுகிறது. அந்தக் கதையை நான் மேடையில் சொல்வதில்லை. பட்டை பீரோவில் இருக்கிறது.

என்னைக் கடித்த நாய் அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே செத்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.